பூட்டிய அறையும் கழுவாத டிபன் பாக்ஸும்

ராத்திரி ஒன்பதரை மணி. பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தாகி விட்டது. மறுநாள் இட்லிக்கு அரைத்த மாவை ஒரு தரம் மூடி திறந்து பார்த்தாயிற்று. காஸை மூடிவிட்டு 'அப்பாடா' என்று கூடத்தில் வந்து உட்கார்ந்தால், கல்லூரியில் படிக்கும் என் மகள் டி.வி.யில் ஏதோ இங்கிலீஷ் தொடரைப் போட்டுக் கொண்டிருந்தாள். இது 2025 கோடை விடுமுறையில் நடந்தது.

"அம்மா, கூலிக்குக் கொலை பண்றவனைத் துரத்திப் பிடிக்கிற கதைம்மா. நீயும் உக்காந்து பாரேன்."

"படுக்கப் போற நேரத்துல கொலையும் குத்துமா? வேற நல்லதா எதுவும் இல்லையா?" என்று அலுத்துக் கொண்டேதான் உட்கார்ந்தேன். நான் பத்தாவது வரை படித்தவள். அவர்கள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். மீதியை மகள் சொல்லிக் கொண்டே வந்தாள். முதல் பாகம் முடிந்தபோது நான் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். தினம் ஒன்றாகப் பத்து ராத்திரியில் பத்து பாகத்தையும் பார்த்து முடித்தோம்.

தொடரின் பெயர் 'தி டே ஆஃப் தி ஜாக்கல்'. ஜாக்கல் என்றால் நரி. 2024 நவம்பரில் வெளியான தொடர் இது. எடி ரெட்மேய்ன் என்ற நடிகர்தான் அந்த நரி. அவனைத் தேடுகிற உளவுத்துறை அதிகாரி ஒரு பெண். பியாங்கா என்று பெயர். லஷானா லிஞ்ச் நடித்திருக்கிறார். துப்பறியும் கதை என்றால் தொப்பி வைத்த ஆண்பிள்ளைதான் என்று நினைத்துப் பழகிய எனக்கு, ஒரு குடும்பத் தலைவி துப்புத் துலக்குவதைப் பார்க்கவே தனி சுவாரஸ்யமாக இருந்தது.

ஆரம்பமே திகைக்க வைக்கிறது. ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஓர் அலுவலகம். அங்கே துப்புரவு வேலை செய்யும் ஒரு கிழவர் தட்டுத் தடுமாறி நடந்து வருகிறார். பார்த்தால் நமக்கே பாவமாக இருக்கிறது. அந்தக் கிழவர்தான் வேஷம் போட்ட ஜாக்கல்! தோல், நடை, இருமல், குரல் எல்லாமே மாறியிருக்கின்றன. அதன் பிறகு மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்திலிருந்து ஓர் அரசியல் தலைவரைச் சுட்டு வீழ்த்துகிறான். அவன் யார், எந்த ஊர், எந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியாது. அடுத்து அவனுக்குக் குறி வைக்கச் சொல்லும் ஆள் ஒரு பெரிய பணக்காரர். உலகத்தில் யார் பணம் எங்கே போகிறது என்பதை எல்லாரும் பார்க்கும்படி செய்யும் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டை அவர் கொண்டுவரப் போகிறார். அது வந்தால் தங்கள் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்று பயப்படுகிறவர்கள்தான் ஜாக்கலுக்குக் கூலி கொடுக்கிறார்கள்.

பியாங்கா எங்கிருந்து தேட ஆரம்பிக்கிறாள் தெரியுமா? ஆளைத் தேடவில்லை, துப்பாக்கியைத் தேடுகிறாள். 'இவ்வளவு தூரம் குறி தவறாமல் சுடுகிற துப்பாக்கியைக் கடையில் வாங்கியிருக்க முடியாது. யாரோ ஒரு கைதேர்ந்தவர் தனியாகச் செய்து கொடுத்திருக்க வேண்டும். அவரைப் பிடித்தால் இவனைப் பிடிக்கலாம்' என்பது அவள் கணக்கு. எனக்கு இது சட்டென்று புரிந்தது. ரவிக்கையின் கழுத்து வெட்டையும் கொக்கிப் பட்டியையும் பார்த்தே 'இது இன்னார் தைத்தது' என்று நாம் சொல்வதில்லையா? அதே சங்கதிதான்.

இந்தக் கதை புதிதல்ல என்றும் மகள் சொன்னாள். பிரெடரிக் ஃபோர்சித் என்ற ஆங்கில எழுத்தாளர் 1971-ல் வெளியிட்ட நாவல் இது. அவர் பத்திரிகை நிருபராகப் பாரிஸில் இருந்தவர். கையில் காசில்லாமல் இருந்த சமயம், 1970-ல், 35 நாளில் எழுதி முடித்தாராம். நாவலில் பிரெஞ்சு அதிபர் டி காலைக் கொல்ல ஜாக்கலுக்கு ஐந்து லட்சம் டாலர் பேரம் பேசுகிறார்கள். நாவல் எழுதிய சமயத்தில் டி கால் உயிரோடு இருந்தார். அவர் சாகப் போவதில்லை என்று எல்லாருக்கும் தெரிந்த கதையை யார் படிப்பார்கள் என்று பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்களாம். கடைசியில் உலகமே படித்தது. 1973-ல் சினிமாவாகவும் வந்தது. அதே பாணியில் நம் பக்கத்து மலையாளத்தில் 1988-ல் மம்முட்டி நடித்த 'ஆகஸ்ட் 1' படத்தைப் பார்த்த ஞாபகம் உங்களில் சிலருக்கு இருக்கலாம்.

டி காலைக் கொல்ல நிஜமாகவே முயற்சி நடந்தது. 1962 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, பாரிஸுக்கு வெளியே பெட்டி-கிளமார் என்ற இடத்தில் அவர் போன காரைச் சரமாரியாகச் சுட்டார்கள். காரில் அவருடைய மனைவி இவான் அம்மாளும் இருந்தார். தெய்வாதீனமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மாள் காரின் டிக்கியில் வைத்திருந்த கோழிகளுக்கு எதுவும் ஆகவில்லையே என்று விசாரித்தாராம். இதைக் கேட்டு மகள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குண்டு மழையில் தப்பித்து வந்தவளும் அடுத்த வேளைச் சாப்பாட்டைத்தானே நினைத்திருக்கிறாள்!

பழைய நாவலிலும் துப்பறிகிறவர் நம்ம வீட்டு மனிதர் மாதிரிதான். லெபெல் என்று பெயர். சத்தம் போடாத, பார்வைக்குச் சாதாரணமான போலீஸ்காரர். கம்ப்யூட்டர் இல்லாத 1963-ஆம் வருஷத்துக் கதை அது. டெலிபோனும் காகிதக் கட்டுகளும்தான் அவருக்கு ஆயுதம். ஜாக்கல் எப்படிப் பொய்ப் பெயரில் பாஸ்போர்ட் வாங்கினான் என்று கேட்டால் தாய்மாருக்கு நெஞ்சு பதறும். கல்லறைத் தோட்டத்துக்குப் போய், சின்ன வயதில் இறந்துபோன ஒரு குழந்தையின் பெயரை எடுத்துக் கொள்கிறான். அந்தப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் வாங்குகிறான். பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் தனித்தனியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லண்டனில் ஆட்களை உட்கார வைத்து, பாஸ்போர்ட் கேட்டவர்களின் பெயரையெல்லாம் இறந்தவர்கள் பதிவோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்கச் செய்த பிறகுதான் குட்டு உடைகிறது. அரிசியில் கல் பொறுக்குகிற பொறுமை வேண்டும் அதற்கு.

ஆனால் அந்தப் பழைய ஜாக்கலுக்கு வீடு கிடையாது. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. ஊர் பேர் தெரியாமல் வந்து, அப்படியே போய்ச் சேருகிறான். 53 வருஷம் கழித்துத் தொடராக எடுத்தவர்கள் பெரிய மாற்றம் ஒன்றைச் செய்திருக்கிறார்கள். கொலைகாரனுக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். தேடுகிறவளுக்கும் ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள். என்னைத் தூங்க விடாமல் செய்தது துப்பாக்கியல்ல, அந்த இரண்டு வீடுகள்தான்.

ஜாக்கலின் வீடு ஸ்பெயினில், கடலோரத்தில் இருக்கிறது. அழகான மனைவி நூரியா, கைக்குழந்தை ஒன்று. வியாபார விஷயமாக வெளியூர் போகிறேன் என்று கிளம்பி, கொலை செய்துவிட்டு வந்து, அதே கையால் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுகிறான். நூரியாவும் நம்பிக் கொண்டிருக்கிறாள். ஆனால் சொன்ன தேதிக்கு வருவதில்லை, போன் எடுப்பதில்லை. அவள் மனதில் சின்னதாக ஒரு முள். ஒரு நாள் வீட்டில் அவன் மறைத்து வைத்திருக்கும் அறைக்குள் அவள் போய்விடுகிறாள். அங்கே வேறு வேறு பெயர்களில் பாஸ்போர்ட்டுகள், ஆயுதங்கள். தன் பக்கத்தில் படுத்துத் தூங்கும் மனிதன் யார் என்றே தனக்குத் தெரியாது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது.

அந்த இடத்தில் என் மகள் கேட்டாள்: "அது எப்படிம்மா? கூடவே இருக்கிற பொண்டாட்டிக்கு ஒண்ணுமே தெரியாம இருக்குமா?"

நான் பதில் சொல்லவில்லை. மூலையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் மறுபடி பேப்பருக்குள் போய்விட்டார்.

சகோதரிகளே, என் கணவரை ஜாக்கலோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று தப்பாக நினைத்து விடாதீர்கள். கரப்பான் பூச்சியை அடிக்கக்கூட என்னைத்தான் கூப்பிடுவார். ஆனால் எங்கள் வீட்டிலும் ஒரு பூட்டிய அறை இருந்தது.

2018-ஆம் வருஷம். என் கணவர் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். செங்கல்பட்டிலிருந்து தினமும் மின்சார ரயிலில் போய் வருவார். காலையில் சாதம், குழம்பு, ஒரு பொரியல் கட்டிக் கொடுப்பேன். சாயங்காலம் டிபன் பாக்ஸ் பளிச்சென்று கழுவித் திரும்பி வரும். 'சாப்பிட்ட பாத்திரத்தை அப்படியே கொண்டு வரக் கூடாது' என்பது அவர் அம்மா பழக்கி விட்டது. பன்னிரண்டு வருஷமாக அதில் மாற்றமில்லை.

ஒரு நாள் டிபன் பாக்ஸ் கழுவாமல் வந்தது. சரி, வேலை மும்முரம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அப்படியே. குழம்பு ஓரத்தில் காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. மத்தியானம் சாப்பிட்டால் அவ்வளவு காயாது. காலை பதினொரு மணிக்கே சாப்பிட்டிருக்க வேண்டும். அடுத்து சட்டைக் காலர். ஏ.ஸி. ரூமில் உட்காருகிறவரின் காலர், வெயிலில் அலைந்தவர் காலர் மாதிரி கறுத்து வந்தது. செருப்பில் புழுதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது சட்டைப் பையில் ரயில் சீசன் டிக்கெட் கிடைத்தது. தேதி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. புது டிக்கெட் எங்கேயும் இல்லை.

கிணற்றடியில் ஈரக் கையோடு நின்றேன். என்னென்னவோ நினைத்தேன். வேறு பெண்ணா? குடியா? சீட்டாட்டமா? பத்து நாள் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் அவர் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் 'சரிங்க' என்பேன். அந்தப் பத்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. சந்தேகத்தை மனதில் வைத்துக் கொண்டு சாதம் கட்டுவது எவ்வளவு கொடுமை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். தொடரில் நூரியாவின் முகத்தைப் பார்த்தபோது, அந்தப் பத்து நாள் என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

பதினோராவது நாள் ராத்திரி, மகள் தூங்கிய பிறகு, அவர் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய சீசன் டிக்கெட்டை வைத்தேன். பார்த்தார். சோற்றில் கை வைக்கவில்லை.

"கம்பெனியில எங்க செக்ஷனையே மூடிட்டாங்க. நாப்பது நாள் ஆகுது. உன்கிட்ட சொல்லணும்னுதான் தினமும் நெனைப்பேன். நீயும் பாப்பாவும் நிம்மதியா இருக்கட்டும்னு…" அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஆனால் வாயில் வந்தது ஒரே கேள்விதான். "மத்தியானம் எங்கே உக்காந்து சாப்பிட்டீங்க?"

"ஸ்டேஷன் பெஞ்சுல" என்றார்.

அன்றைக்கு ராத்திரி இரண்டு மணி வரை பேசினோம். மறுநாள் என் வளையல் அடகுக் கடைக்குப் போனது. நான் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைக்க ஆரம்பித்தேன். நாலாவது மாதம் குறைந்த சம்பளத்தில் அவருக்கு வேறு வேலை கிடைத்தது. எப்படியோ கரையேறி விட்டோம். மகளிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஏழாவது படிக்கிற குழந்தைக்கு இதெல்லாம் எதற்கு என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம்.

மறுபடி தொடருக்கு வருகிறேன். பியாங்காவின் வீட்டில் அன்பான கணவர், வளர்ந்த மகள். அவள் கெட்டவளில்லை. கொலைகாரனைப் பிடித்தே தீர வேண்டும் என்ற வெறிதான். ஆனால் அந்த வெறியில் வீட்டுக்குக் கொடுத்த வாக்கு ஒவ்வொன்றாகத் தவறுகிறது. எங்கே போகிறாள், என்ன செய்கிறாள் என்று கணவரிடம் பொய் சொல்கிறாள். மகள் காத்திருந்து காத்திருந்து முகத்தைத் திருப்பிக் கொள்கிறாள். அதோடு விட்டாளா? துப்பாக்கி செய்தவனைப் பற்றித் துப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்காக, அவனுடைய உறவுக்காரப் பெண்மணியின் மகளை வேண்டுமென்றே கைது செய்ய வைக்கிறாள். 'நீ உதவி செய், உன் மகளை விட்டுவிடுகிறேன்' என்று அந்தத் தாயிடம் வாக்குக் கொடுக்கிறாள். அந்தப் பெண் காவலிலேயே இறந்துவிடுகிறாள். தானும் ஒரு தாயாக இருந்து கொண்டு இன்னொரு தாயின் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியதைப் பார்த்தபோது எனக்கு அவள் மேல் இருந்த மரியாதையே போய்விட்டது. ஜாக்கலைத் தடுக்க வேண்டியதுதான். அதற்காக எதை வேண்டுமானாலும் செய்யலாமா? நீங்களே சொல்லுங்கள்.

ஜாக்கலும் 'என் குடும்பத்துக்காக' என்கிறான். பியாங்காவும் நல்ல காரியத்துக்காக என்றுதான் நினைக்கிறாள். இரண்டு பேரும் வீட்டு வாசலில் பொய்யை வைத்துவிட்டு உள்ளே வர முடியும் என்று நம்புகிறார்கள். பொய் அவர்களுக்கு முன்னால் உள்ளே போய் உட்கார்ந்து கொள்கிறது. முடிவை நான் சொல்ல மாட்டேன், பார்க்கப் போகிறவர்கள் அடிக்க வருவீர்கள்!

கடைசிப் பாகம் முடிந்த ராத்திரி டி.வி.யை நிறுத்தியதும் மகள், "நான் அன்னிக்குக் கேட்டதுக்கு நீ பதிலே சொல்லலையேம்மா" என்றாள். "பொண்டாட்டிக்குத் தெரியாம எப்படி இருக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேப்பரை மடித்து வைத்தார். "நான் சொல்றேன் பாப்பா" என்று ஆரம்பித்து, ஸ்டேஷன் பெஞ்சு வரை எல்லாவற்றையும் சொன்னார். ஏழு வருஷம் கழித்து.

அவள் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "அதனாலதான் அந்த வருஷம் ஸ்கூல் டூர் வேண்டாம்னு சொன்னீங்களா? நான் கணக்குல மார்க் கம்மியா வாங்கினேன்னு கோவம்னு நெனச்சேன். எனக்குத் தெரியாம நீங்க ரெண்டு பேரும் ராத்திரி குசுகுசுன்னு பேசினதுகூட என்னைப் பத்திதான்னு நெனச்சு அழுதிருக்கேன்."

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, காரணம் மட்டும் தெரியவில்லை. தெரியாத காரணத்துக்குத் தன்னையே பழி சொல்லிக் கொண்டு ஏழு வருஷம் இருந்திருக்கிறாள். என் கணவர் மறைத்ததற்காக அன்று அவ்வளவு கோபப்பட்ட நானே, அதே தப்பை என் மகளுக்குச் செய்திருக்கிறேன்!

சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். வீட்டில் பணக் கஷ்டமோ, வியாதியோ, வேறு சங்கடமோ வந்தால் குழந்தையிடம் எல்லா விவரமும் சொல்ல வேண்டியதில்லை. "அப்பாவுக்கு வேலையில கொஞ்சம் கஷ்டம். சரியாயிடும். உன் மேல எங்களுக்கு ஒரு கோபமும் இல்ல" என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். கணவரிடமும் சந்தேகம் வந்தால் என்னைப் போல் பத்து நாள் பட்டினி கிடக்காதீர்கள். சண்டைக்குப் போகாமல், நிதானமாக, அன்றைக்கே கேட்டு விடுங்கள்.

இந்தத் தொடரைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. இதில் ரத்தமும் வன்முறையும் அதிகம். குழந்தைகளை வைத்துக் கொண்டு பார்க்கவே கூடாது. படுக்கப் போகும் நேரத்தில் பார்த்ததில் எனக்கு முதல் இரண்டு நாள் நெஞ்சு படபடத்துத் தூக்கம் வரவில்லை. பிறகு எட்டு மணிக்கே பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசி, வாசலில் நடந்துவிட்டுப் படுத்தேன். சரியாகிவிட்டது. ஒரே ராத்திரியில் பத்தையும் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

அடுத்த நாள் காலை வழக்கம்போல் என் கணவருக்குச் சாதம் கட்டினேன். மகள் வந்து டிபன் பாக்ஸைத் தன் கையால் மூடி, பையில் வைத்துக் கொடுத்தாள். "அப்பா, இன்னிக்கு எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"ஆபீஸ்லதாம்மா. சாயங்காலம் கழுவிக் கொண்டு வரேன், நீயே பாரு" என்று சிரித்துக் கொண்டே கிளம்பினார்.